விதானையாரிடம் போவதற்கு முன்: வன்னிச் சனம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏ.ஜி.ஏ. கந்தோரில், இன்றைய பெயரில் பிரதேச செயலகத்தில், கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு என்று பெயர்தான். காலையில் முற்றம் கூட்டி முடிக்க முன்னமே யாராவது ஒரு படிவத்தோடு படலையில் நிற்பார்கள். "ஐயா, இதில எங்க கையெழுத்து வைக்கிறது?", "இதுக்கு விதானையாரிட்டப் போறதா, பிரதேச சபைக்குப் போறதா?" கேட்பதில் பாதிக்கு மேல் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று வன்னியில் எந்தப் பக்கம் இருந்தாலும் பொருந்தும்.

விதானையார், ஜி.எஸ்., கிராம சேவகர், கிராம அலுவலர், கிராம உத்தியோகத்தர் என்று இத்தனை பேரா?

ஒரே ஆள்தான். விதானை என்பது பழைய தலைமைக்காரர் முறையில் வந்த பெயர். அவருக்கு மேலே உடையார், அதற்கும் மேலே மணியகாரர் என்று அடுக்கு இருந்தது. ஊரில் காணி, பூமி, செல்வாக்கு உள்ள குடும்பத்தில் ஒருவரைப் பார்த்து நியமிப்பார்கள், அவர் சொன்னதுதான் ஊரில் சட்டம். 1963இல் அந்தப் பதவியை எடுத்துவிட்டு, இடமாற்றம் செய்யக்கூடிய ஒரு அரசாங்க உத்தியோகத்தரை வைத்து, கிராம சேவகர் என்று பெயர் சூட்டினார்கள். அதன் சுருக்கம்தான் ஜி.எஸ். பிறகு கடதாசியில் பெயர் கிராம அலுவலர் என்று மாறியது, ஆனால் சனத்தின் வாயில் ஜி.எஸ். போகவில்லை, விதானையாரும் போகவில்லை. இப்போது பல பிரிவுகளில் இளம் பெண்பிள்ளைகள் இந்த வேலை பார்க்கிறார்கள். "ஜி.எஸ். மிஸ்" என்று கூப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "விதானையாரிட்டப் போட்டு வாறன்" என்று சொல்லுகிற அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் பிரதேச சபையின் ஆள்தானே?

இல்லை. இந்த ஒரு குழப்பத்தால்தான் சனம் அதிகம் அலைகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்லுகிறேன்.

ஊரில் அரசாங்கம் இரண்டு பாதையால் வருகிறது. ஒன்று, கொழும்பிலிருந்து கச்சேரி, கச்சேரியிலிருந்து ஏ.ஜி.ஏ. கந்தோர், அங்கிருந்து விதானையார். கச்சேரிக்கு இன்றைக்குப் பெயர் மாவட்டச் செயலகம். ஏ.ஜி.ஏ. கந்தோர் 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு பிரதேச செயலகமாகிவிட்டது. இந்தப் பாதையில் வருகிற ஒருவரும் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யப்பட்டவர் இல்லை, எல்லாரும் உத்தியோகத்தர்கள்.

மற்றது பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. அதற்கு முன்னர் கிராம சபை என்று இருந்தது, வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிரதேச சபைக்கு உறுப்பினர்கள் உண்டு, தவிசாளர் உண்டு, தேர்தல் உண்டு. விதானையார் தவிசாளருக்குக் கீழ் இல்லை, தவிசாளரும் விதானையாருக்குக் கீழ் இல்லை.

பெயர் வேறு குழப்புகிறது: பிரதேச செயலகம், பிரதேச சபை. இரண்டின் எல்லையும் ஒன்றாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். கண்டாவளையில் தனியாகப் பிரதேச செயலகம் இருக்கிறது, ஆனால் அந்தச் சனத்துக்குச் சபை கரைச்சி பிரதேச சபைதான். ஒட்டுசுட்டானிலும் அப்படித்தான், செயலகம் அங்கேயே, சபை புதுக்குடியிருப்பு. ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு வயதானவர் கடைக்கு உரிமம் எடுக்கச் செயலகத்தில் ஒரு பகல் முழுக்க வரிசையில் நின்று, கடைசியில் "அப்பு, இது சபை அலுவல்" என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அவரில் பிழை இல்லை. வாசலில் ஒரு பலகையாவது எழுதி வைத்திருக்கலாம்.

அப்போ எங்கள் ஒழுங்கையில் லைட் எரியவில்லை, யாரிடம் போவது?

பிரதேச சபை. தெரு விளக்கு, குப்பை, ஊர் உள்வீதி, வாய்க்கால், சந்தை, மயானம், நூலகம், சனசமூக நிலையப் பதிவு, கடைக்கு வியாபார உரிமம், மதில் கட்ட வீடு கட்ட அனுமதி, எல்லாம் சபை.

வீதியில் மட்டும் கவனம். எல்லா வீதியும் சபையின் வீதி இல்லை. ஏ9 போன்ற பெரிய வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, இடைப்பட்ட சில மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையது, மிச்சம்தான் சபைக்கு. குளமும் அப்படி. இரணைமடு மாதிரிப் பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களம், ஊர்ச் சின்னக்குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களம். சின்னக்குளத்துக் கட்டு உடைகிற மாதிரி இருந்தால் கமநல சேவை நிலையத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் சொல்லுங்கள், விதானையாருக்கும் ஒரு வார்த்தை.

பிரதேச சபையில் இருக்கிற கிளாக்கர் என்ன செய்கிறார்? உறுப்பினரைப் பிடித்தால் போதாதா?

உறுப்பினர் சபையில் கை உயர்த்துவார், அந்தத் தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதுவதும், கோவையில் (ஃபைலில்) போடுவதும், அதற்குக் காசு ஒதுக்கியிருக்கிறதா என்று பார்ப்பதும், ஒப்பந்தக்காரனுக்குக் கடிதம் போடுவதும் செயலாளரும் அவருக்குக் கீழே உள்ள கிளாக்கர்மாரும். இப்போது அவர்களுக்கு முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் என்று நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். உறுப்பினர்கள் மாறுவார்கள், கோவை மாறாது. 2018இல் தெரிவான சபைகள் 2023 மார்ச்சில் முடிந்து, அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதி நடக்கும் வரை இரண்டு வருடத்துக்கு மேல் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை, செயலாளர்மார்தான் சபைகளைக் கொண்டு நடத்தினார்கள். அந்தக் காலத்திலும் குப்பை வண்டி ஓடியது.

அதனால் உறுப்பினரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்து இருக்காதீர்கள். ஒரு கடிதம் எழுதுங்கள், இரண்டு பிரதி. ஒன்றைக் கந்தோரில் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை குத்தித் தரும்படி கேளுங்கள். முத்திரை குத்திய கடிதம் உள்வரும் தபால் பதிவேட்டில் ஏறிவிடும், ஏறினது பிறகு காணாமல் போகாது. பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். ஒவ்வொரு சபைக்கும் செயலகத்துக்கும் தகவல் அலுவலர் ஒருவர் உண்டு. "என் இந்தத் திகதிக் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ஒரு வரி கேட்டால் போதும், 14 வேலை நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கோபப்பட்டு மூன்று பக்கம் எழுதுவதை விட அந்த ஒரு வரிக்குச் சக்தி அதிகம்.

வரியைப் பற்றியும் கேட்கிறார்கள். வீடு வளவுக்குச் சபை அறவிடுகிற சோலைவரி எல்லாக் கிராமத்துக்கும் இல்லை, சபை அபிவிருத்தி அடைந்த பகுதி என்று பிரகடனப்படுத்திய இடத்துக்கு மட்டும். வருட வரியை முழுதாக ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு.

சரி, விதானையாருக்கு உண்மையில் என்னதான் அதிகாரம்?

சனம் நினைப்பதை விடக் குறைவு. அவர் காணி தரமாட்டார், அடையாள அட்டை அடிக்கமாட்டார், உதவிப்பணம் ஒதுக்கமாட்டார். "எனக்கு இந்த ஆளைத் தெரியும், இன்ன இடத்தில் இன்ன காலமாக இருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். அந்தக் கையெழுத்தை வைத்து வேறு ஒருவர் முடிவெடுப்பார். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த "எனக்குத் தெரியும்" இல்லாமல் மேலே ஒரு கோவையும் அசையாது.

வன்னியில் இதன் பெறுமதி தெரிந்தவர்கள் அதிகம். 2008இலும் 2009இலும் யுத்தத்தில் நாங்கள் கிழக்கே கிழக்கே என்று இடம்பெயர்ந்தபோது விதானைமாரும் சனத்தோடு சனமாக வந்தார்கள். நிவாரணம் பங்கிடுவதென்றால் அவர்களின் கொப்பியில் உள்ள குடும்ப விபரம்தான் கணக்கு. எனக்குத் தெரிந்த ஒருவர் உடுப்புப் பையை விட்டுவிட்டு அந்தக் கொப்பியைத்தான் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு வந்தார். பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் சனத்திடம் காணி உறுதி இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, அடையாள அட்டை இல்லை. அங்கே "நீ இன்னாரின் மகன், உன்ர வீடு குளக்கட்டுக்கு இந்தப் பக்கம்" என்று சொல்லக்கூடிய ஆள் யார் என்று தேடினால், முதலில் அகப்படுவது விதானையார். ஒரு ஊரே கடதாசி இல்லாமல் நின்றபோது அந்த ஆளின் ஞாபகம்தான் கடதாசி.

அதனால் என் ஆலோசனை ஒன்றுதான்: தேவை வந்த அன்றைக்குத்தான் விதானையார் உங்களை முதன்முதலாகப் பார்க்கிறார் என்று இருக்கக் கூடாது.

வதிவிடச் சான்றிதழ் எடுக்க என்ன கொண்டுபோக வேண்டும்?

அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால் அதன் விபரம், மின்சாரப் பட்டியலோ தண்ணீர்ப் பட்டியலோ ஒன்று. ஊரில் பிறந்து வளர்ந்தவர் என்றால் பேசாமலே எழுதித் தருவார். முக்கியம், எதற்காக எடுக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: வேலைக்கா, வங்கிக்கா, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கா. நோக்கத்தை அந்தச் சான்றிதழிலேயே எழுதுவார்கள், ஒரு நோக்கத்துக்கு எடுத்ததை இன்னொரு இடத்தில் கொண்டுபோய் நீட்டினால் திருப்பி விடுவார்கள். விதானையார் கையெழுத்தோடு முடியாது, பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் வைக்க வேண்டும். பழைய சான்றிதழை லாச்சியில் பத்திரமாக வைத்திருந்து பயனில்லை, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் எடுத்ததைத்தான் கேட்பார்கள்.

கலியாணம் முடித்து இந்த ஊருக்கு வந்திருக்கிறேன். இங்கே விதானையார் "நீங்கள் யார்?" என்று கேட்கிறார்.

கேட்கத்தான் வேண்டும், கேட்காமல் கையெழுத்து வைக்கிற விதானையாரைத்தான் நான் நம்பமாட்டேன். பழைய ஊர் விதானையாரிடம் போய், இந்தக் குடும்பத்தில் இருந்த இன்னார் இன்ன பிரிவுக்குப் போகிறார் என்று ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாருங்கள். விவாகச் சான்றிதழ்ப் பிரதியையும் காட்டி, மாமி மாமாவின் குடும்ப அட்டையில் பெயரைச் சேர்ப்பதா, தனிக் குடும்பமாகப் பதிவதா என்று முடிவெடுத்துச் சொல்லுங்கள். தனிக் குடும்பமாகப் பதிவது நல்லது என்பது என் அபிப்பிராயம். வெள்ள நிவாரணம் வந்தாலும் வீட்டுத்திட்டம் வந்தாலும் குடும்ப எண்ணிக்கையில்தான் பார்ப்பார்கள். மாமி முகம் சுளித்தால் அது வேறு கதை.

வாடகைக்கு வந்திருப்பவர்களுக்கும் இதேதான், வீட்டுக்காரரின் கடிதம் ஒன்று கூட வேண்டும்.

அடையாள அட்டை?

15 வயது முடிந்தால் விண்ணப்பிக்கலாம். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை என்றால் அதிபர் மூலம், படிப்பை விட்டவர் என்றால் விதானையார் மூலம். தொலைந்துவிட்டால் முதலில் பொலிஸ் முறைப்பாடு, அந்தப் பிரதியோடு விதானையார். முறைப்பாடு இல்லாமல் போய் வாக்குவாதப்பட வேண்டாம்.

வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாவிட்டால் என்ன, நான் வாக்குப் போடுவதே இல்லை.

வாக்குப் போடாமல் இருப்பது உங்கள் விருப்பம். ஆனால் பெயர் இருக்க வேண்டும். பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போகும்போது வதிவிடத்தை நிரூபிக்கப் பாடசாலை கேட்பது கடந்த வருடங்களின் இடாப்பைத்தான், அது நேற்றைக்குப் போய் இன்றைக்கு எடுக்கிற கடதாசி இல்லை. ஒவ்வொரு வருடமும் திருத்தம் நடக்கிறது. விதானையார் பட்டியலோடு வரும்போது வீட்டில் ஆள் இல்லை என்றால், தோட்டத்தில் நிற்கிற உங்களைத் தேடி வாய்க்கால் தாண்டி வருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். நீங்களே போய்ப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாடு போனவர், இறந்தவர் பெயரையும் எடுக்கச் சொல்லுங்கள். செத்தவர் பெயரில் வாக்காளர் அட்டை வருவது வேடிக்கை இல்லை.

காணிப் பெர்மிட் தொலைந்துவிட்டது. விதானையார் புதிதாக எழுதித் தருவாரா?

தரமாட்டார், தரவும் முடியாது. வன்னியில் எங்கள் காணிகளில் பெரும் பங்கு அரச காணி. குடியேற்றத்திட்டங்களில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உத்தரவுப்பத்திரமாகக் கொடுத்தது, நாங்கள் சுருக்கமாகப் பெர்மிட் என்போம். அதைத் தருகிறவர் பிரதேச செயலாளர். விதானையார் செய்வது அறிக்கை: யார் இருக்கிறார், எவ்வளவு காலமாக, என்ன பயிர், கிணறு உண்டா, எல்லையில் யார்.

பெர்மிட் தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். கந்தோரில் காணிப் பேரேடு என்று ஒன்று இருக்கும், அதில் பழைய பெர்மிட் விபரம் ஏறியிருந்தால் வேலை லேசு. ஆனால் யுத்தத்தில் உங்கள் பெட்டி மட்டும் எரியவில்லை, கந்தோர்களின் பேரேடுகளும் போயிருக்கின்றன. 2013இல் காணி ஆணையாளர் நாயகம் வடக்கு, கிழக்கின் யுத்தத்துக்குப் பிந்திய அரச காணிப் பிரச்சினைகளுக்கென்றே 2013/01 என்ற சுற்றறிக்கையை விட்டது இதனால்தான். பேரேடும் இல்லை, பெர்மிட்டும் இல்லை என்ற இடத்தில் பார்ப்பது என்ன? பழைய தென்னைமரம், கட்டுக்கிணறு, அத்திவாரக் கல், அயலவன் வாக்குமூலம், அதோடு விதானையாரின் அறிக்கை.

இங்கே ஒரு கஷ்டம் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்து போய்ப் பல வருடம் கழித்து வந்து பார்த்தால் வயலில் பற்றைக்காடு முளைத்திருக்கும், அதற்குள் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கும். காடு என்கிறது அவர்களின் வரைபடம், எங்கள் அப்பு நெல்லு விதைத்த நிலம் என்கிறீர்கள் நீங்கள். விதானையார் நேற்று மாற்றலாகி வந்த இளம் பிள்ளை என்றால் அவருக்கு 1980இல் அங்கே என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? அவரைத் திட்டிப் பயன் இல்லை. அந்தக் காலத்து ஓய்வு பெற்ற விதானையாரையோ கமக்காரர் அமைப்பின் பழைய தலைவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். பழைய தண்ணீர்வரிப் பற்றுச்சீட்டு, மானியப் பசளை எடுத்த துண்டு, நெல்லு விற்ற சங்கப் பில் என்று எது இருந்தாலும் கொண்டுபோங்கள். ஒரு அம்மா தன் பிள்ளையின் பழைய கிளினிக் கொப்பியைக் கொண்டு வந்து காட்டினார், அதில் 1994இல் மருத்துவமாது எழுதிய முகவரி இருந்தது. அந்த ஒரு வரி அவருக்கு உதவியது.

அப்பா பெர்மிட்டில் பின்னுரித்தாளர் (தனக்குப் பிறகு காணிக்கு உரியவர்) பெயர் போடாமல் இறந்துவிட்டார். காணி அண்ணனுக்குத்தானே?

அந்தக் காணிச் சட்டத்தின் பழைய அட்டவணைப்படி ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம், அதை வைத்துத்தான் ஊரில் இன்றைக்கும் கதைக்கிறார்கள். 2022இல் சட்டத்தைத் திருத்தி அந்த ஆண் பெண் வேற்றுமையை நீக்கிவிட்டார்கள். அம்மா உயிரோடு இருந்தால் முதலில் அம்மா. எப்படியானாலும் காணிக் கிளையில் கேட்காமல் அண்ணனோடு சண்டை தொடங்க வேண்டாம். இன்றைக்கு உயிரோடு இருக்கிற அப்பாமாரே, தயவு செய்து பின்னுரித்தாளர் பெயரைப் பதிந்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

அஸ்வெசும பட்டியலில் என் பெயரை விதானையார் வெட்டிவிட்டார்.

வெட்டவில்லை, வெட்டவும் முடியாது. 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்த அஸ்வெசும உதவிப்பணத்துக்கு தகவலை எடுத்துக் கணினியில் போட்டு, புள்ளி வைத்து நலன்புரி நன்மைகள் சபைதான் தெரிவு செய்கிறது. கூரை என்ன, வாகனம் உண்டா, மின்சாரம் எவ்வளவு என்றெல்லாம் கேட்டார்களே, அதில் ஓடாத பழைய மோட்டார் சைக்கிளை "இருக்கு" என்று போட்டதால் போன குடும்பங்கள் எனக்குத் தெரியும். பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு செய்யுங்கள், எந்தத் தகவல் பிழை என்று குறிப்பாக எழுதுங்கள். "நாங்கள் சரியான கஷ்டம்" என்று மட்டும் எழுதினால் அந்தக் கணினிக்கு விளங்காது.

யானை வந்து வயலைத் தின்றுவிட்டது, வெள்ளத்தில் சுவர் விழுந்துவிட்டது. முதலில் யாருக்குச் சொல்வது?

இரண்டுக்கும் விதானையாருக்கு, அன்றைக்கே. தொலைபேசியில் சொன்னாலும் சரி, படம் எடுத்து வையுங்கள். யானை என்றால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும், பயிர் என்றால் கமநல சேவை நிலையத்துக்கும் சொல்ல வேண்டும். சேதத்தைத் துப்புரவாக்கிவிட்டுப் போய்ச் சொன்னால் அவர் எதைப் பார்த்து எழுதுவது?

2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகளைத் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, பாடசாலைகளில் இருந்த சனத்தைக் கணக்கெடுத்ததும் சமைத்த சாப்பாட்டுக்கு ஆள் எண்ணிக் கொடுத்ததும் விதானைமார்தான், அவர்களில் பலருடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர். அவசரம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு நேரே எடுங்கள்.

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால்?

ஆஸ்பத்திரியில் இறந்தால் அங்கேயே கடதாசி வரும். வீட்டில் இயற்கையாக இறந்தால் விதானையாருக்குச் சொல்லி அவரின் அறிக்கையோடு பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் போங்கள். பாம்பு கடி, விபத்து, தற்கொலை என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி வராமல் உடலை அசைக்கக் கூடாது, பொலிசுக்கும் சொல்ல வேண்டும். பறை, பந்தல் எல்லாம் அதற்குப் பிறகு.

என் மகன் காணாமல் போனவன். மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் காணியை மாற்றலாம் என்கிறார்கள். எனக்கு அது வேண்டாம்.

வேண்டாம் என்றால் வேண்டாம் அம்மா, உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2016இல் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று வேறு ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அது இறந்துவிட்டார் என்று சொல்லுகிற கடதாசி இல்லை. வங்கி, காணி அலுவல்களுக்கு அதைப் பாவிக்கலாம், தேடுவதையும் அது நிற்பாட்டாது. அதற்கும் விதானையாரின் அறிக்கை வேண்டும். தனியாகப் போகாதீர்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. நேரில் வாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரன் வேலியை ஒரு அடி தள்ளிப் போட்டுவிட்டான். விதானையார் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் நீதவான் இல்லை. 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி அவர் ஒரு சமாதான அலுவலர்தான், ஊரில் குற்றம் நடந்தால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டியவர், ஆனால் வேலிக் கதியாலுக்குத் தீர்ப்புச் சொல்ல அதிகாரம் இல்லை. இரண்டு பேரையும் வைத்துக் கதைத்துப் பார்ப்பார், சரிவரவில்லை என்றால், கோட்டுக்குப் போகாமல் பேசித் தீர்க்கிற இணக்கசபைக்குப் போகச் சொல்வார். போங்கள், சட்டத்தரணிச் செலவு இல்லை. ஒரு அடி வேலிக்காகப் பத்து வருடம் கோட்டுக்கு அலைந்து, வழக்கு முடிய முன்னமே இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த கதை எங்கள் ஊரிலேயே இருக்கிறது.

என் வளவு மரத்தை வெட்ட எனக்கே அனுமதியா?

பலா, பெண் பனை என்றால் ஆம், 1951இலிருந்து சட்டம் இருக்கிறது. முதிரை, பாலை மாதிரிக் காட்டு மரம் என்றால் வெட்டுவதை விட ஏற்றிக்கொண்டு போவதுதான் பிரச்சினை. கடதாசி இல்லாமல் லாண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில்) ஏற்றினால் மரமும் போகும், லாண்ட்மாஸ்டரும் போகும்.

கையெழுத்துக்குக் காசு கேட்கிறார்கள்.

எல்லாரும் அப்படி இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளத்தில் தன் பெற்றோலை ஊற்றி, தன் மோட்டார் சைக்கிளில் குண்டும் குழியுமான வீதியால் மூன்று பிரிவு சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேட்கிற ஆட்களும் உண்டு. என் சொந்தக்காரன் ஒருவனிடமே ஒரு கந்தோரில் "தேத்தண்ணிக்கு ஏதும்" என்று கேட்டிருக்கிறார்கள், நான் அங்கே வேலை செய்தவன் என்று தெரிந்த பிறகுதான் சிரித்துச் சமாளித்தார்கள். அரசாங்கக் கட்டணம் எதற்கும் பற்றுச்சீட்டு உண்டு. பற்றுச்சீட்டு இல்லாத காசு எதற்கென்று கேளுங்கள், சத்தம் போடாமல் மரியாதையாகக் கேளுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் முறைப்பாடு, இல்லை என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954.

எப்போது போனால் விதானையாரைப் பிடிக்கலாம்?

எங்கள் பக்கத்தில் செவ்வாயும் வியாழனும் கந்தோரில் இருப்பார், மற்ற நாளில் வெளிக்கள வேலை அல்லது செயலகத்தில் கூட்டம். உங்கள் பிரிவில் எந்த நாள் என்று கதவில் ஒட்டியிருக்கும், தொலைபேசி எண்ணும் இருக்கும். ஒட்டியிருக்கவில்லை என்றால் அதையும் கேட்கலாம். இன்னொரு விஷயம்: கிளிநொச்சி மாவட்டத்தில் 95 பிரிவு, முல்லைத்தீவில் 136, வவுனியாவில் 102, மன்னாரில் 153. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் என்பது கணக்கு. வெற்றிடம் இருந்தால் பக்கத்துப் பிரிவுக்காரர் பதில் கடமை பார்ப்பார், அவர் இங்கே வருவது கிழமைக்கு ஒரு நாள்தான். எனவே பஸ் ஏற முன்னம் ஒரு அழைப்பு எடுங்கள். இரவு பத்து மணிக்கு எடுக்காதீர்கள், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என் மகளும் விதானையாராக வரலாமா?

தாராளமாக. போட்டிப் பரீட்சை வைத்துத்தான் எடுக்கிறார்கள், உயர்தரம் சித்தி அடைந்திருக்க வேண்டும், வயதெல்லை உண்டு. பல வருடம் இழுபட்டு 2023 இறுதியில் ஒரு பரீட்சை நடந்தது. அடுத்தது எப்போது வந்தாலும் வர்த்தமானியில் வரும். பரீட்சை கஷ்டம் என்று சொல்லமாட்டேன். வந்த பிறகு ஒரே நாளில் செத்த வீடு, வேலிச் சண்டை, குடிகாரனின் முறைப்பாடு, வெளிநாட்டிலிருந்து வந்தவரின் உறுதி அலுவல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்கத்தான் தைரியம் வேண்டும்.

ஐயா, படிவத்தை நீங்களே நிரப்பித் தருவீர்களா?

தருவேன். காசு வேண்டாம். அடையாள அட்டையும் மூலப் பத்திரங்களும் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டோப் பிரதியும் கொண்டு வாருங்கள், கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியையும் கொண்டு வாருங்கள், என்னுடையதைத் தரமாட்டேன். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வந்தால் வெயிலும் இல்லை, தேத்தண்ணியும் கிடைக்கும்.